பாசி கட்டிய அணைகள்

குரோவாசியாவின் பிளிட்விட்செ தேசியப் பூங்காவில் ஏரிகள் எத்தனை என்று கேட்டால், நுழைவுச்சீட்டு தருபவரும் சரி, வழிகாட்டிப் புத்தகமும் சரி, 16 என்று சொல்லிவிடுவார்கள். இன்றைய தேதிக்கு அது சரியான விடைதான். சில நூறு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். இருப்பதிலேயே பெரிய ஏரியான கோசியாக்கின் அடியில் ஓர் அணை மூழ்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அது நீருக்கு மேலே தலைகாட்டி நின்றது. கோசியாக் அப்போது இரண்டு ஏரி. கீழ்ப்பக்கத்து அணை அதைவிட வேகமாக உயர்ந்தது, நீர்மட்டம் ஏறியது, மேல் அணை தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு ஏரி ஒன்றாயிற்று.

அணை உயர்ந்தது என்கிறேனே, உயர்த்தியவர் யார்? மன்னரும் இல்லை, பொதுப்பணித் துறையும் இல்லை. பிளிட்விட்செயின் அணைகள் தாமே வளர்பவை. இடத்துக்கு இடம் வேகம் மாறும் என்றாலும், நல்ல இடத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று சொல்லலாம். மனிதர் கட்டும் அணை, கட்டி முடித்த நாளிலிருந்து தேயத் தொடங்கும். இங்கே அணை கட்டி முடிவதே இல்லை.

தலைநகர் சாக்ரெபிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால், போஸ்னிய எல்லையை ஒட்டிய மலைப்பாங்கான லிகா பகுதியில் இந்தப் பூங்கா இருக்கிறது. 1949இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் பழையதும் பெரியதும் இதுதான். 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 297 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. மிச்சத்தில் புல்வெளிகளும் சில சிற்றூர்களும். பெயருக்குக் காரணமான ஏரிகள் அத்தனையும் சேர்ந்து சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போவது அந்த ஒரு பங்கைத்தான். அந்த ஒரு பங்கை உண்டாக்குவது மற்ற 99 பங்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நீரின் வழியைப் பார்த்துவிடலாம். தெற்கே கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு என்ற பொருளில் பெயர் கொண்ட இரண்டு சிற்றாறுகள் ஊற்றெடுக்கின்றன. இரண்டும் கூடி மாட்டிட்சா என்ற பெயரில் ஓடி, முதல் ஏரியான புரோஷ்சான்ஸ்கோவில் விழுகின்றன. அது கடல்மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏரி, அருவி, ஏரி, அருவி என்று இறங்கி, கடைசி ஏரியான நோவாகோவிச்சா பிரோடு வரும்போது உயரம் 503 மீட்டர். 133 மீட்டர் இறக்கத்தை 16 படிகளில் தண்ணீர் கடக்கிறது. கோசியாக் உட்பட மேலே உள்ள 12 ஏரிகள், நீரை எளிதில் கசியவிடாத டோலமைட் பாறைமேல் அகலமாக, காடு சூழ அமர்ந்திருக்கின்றன. கீழே உள்ள நான்கு ஏரிகள் சுண்ணாம்புக்கல்லில் செங்குத்தாக வெட்டிய குறுகிய பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. அதன் முடிவில் பிளிட்விட்சா என்ற ஓடை பக்கவாட்டு மலையிலிருந்து 78 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. குரோவாசியாவின் மிக உயரமான அருவிகளில் ஒன்றாகச் சுவரொட்டிகளில் இடம்பிடிக்கும் 'பெரிய அருவி' அதுதான். ஆனால் அதில் விழுவது ஏரி நீரே அல்ல, தனி ஓடையின் நீர். இரண்டும் கலக்கும் இடத்தில் கொரானா ஆறு பிறக்கிறது.

இனி கதையின் தொடக்கத்துக்கு, காட்டு மண்ணுக்குப் போவோம்.

பீச் என்னும் இலையுதிர் மரமும் ஃபர் என்னும் ஊசியிலை மரமும் கலந்த காடு இது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தரையில் இலை மெத்தையாக விழுகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும் அதைத் தின்று மக்கவைக்கின்றன. மக்கும்போது கரியமில வாயு வெளிப்படும். மரங்களின் வேர்கள் மூச்சுவிடுவதிலும் அதே வாயு வெளிப்படும். நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். காட்டு மண்ணின் இடுக்குகளில் அடைபட்ட காற்றில் அது பல பத்து மடங்கு அதிகம். மழையும் உருகிய பனியும் அந்த மண் வழியே இறங்கும்போது வாயுவை உறிஞ்சிக்கொண்டு மிக மென்மையான ஓர் அமிலமாக மாறுகின்றன. நாக்குக்குத் தெரியாது, கைக்குச் சுடாது. ஆனால் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க அது போதும்.

கீழே உள்ள மலை முழுவதும் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெப்பமான ஆழமற்ற கடலடியில் படிந்தவை. அமிலநீர் பாறையின் விரிசல்களில் புகுந்து, கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு, பல கிலோமீட்டர் இருட்டில் பயணம் செய்து, ஊற்றாக வெளியே வருகிறது. பார்க்கப் பளிங்கு. ஆனால் உள்ளே மலையின் ஒரு துணுக்கு இருக்கிறது.

இந்த நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்துக் காய்ச்சினால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் எந்த வீட்டிலும் தெரியும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியும். கீசரின் சுருளில் ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும். "உப்புத் தண்ணி" என்று வைவோம். அந்த ஏட்டில் பெரும்பகுதி உப்பு அல்ல, சுண்ணாம்பு. சூடு கரியமில வாயுவை விரட்டுகிறது, பைகார்பனேட் மறுபடியும் கார்பனேட்டாகி, கரைந்திருக்க முடியாமல் கல்லாக வெளியே வந்துவிடுகிறது. பிளிட்விட்செயில் நடப்பதும் அணுப் பிசகாமல் இதே வேதிவினைதான். ஒரே வித்தியாசம், அங்கே அடுப்பு இல்லை. வாயுவை விரட்டுகிற வேலையை அருவி செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊற்று வாயில் சுண்ணாம்பு படிவதில்லை. கரைந்த சுண்ணாம்பு நிறைய இருந்தும், கூடவே கரைந்திருக்கும் கரியமில வாயு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நீர் கல்லில் மோதி, நுரைத்து, காற்றோடு கலந்து ஓட ஓட வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அமிலத்தன்மை குறைந்து, காரகாடித்தன்மையின் அளவு எட்டுக்கு மேல் ஏறும். அந்தக் கட்டத்தில் நீர், தான் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு சுண்ணாம்பைச் சுமந்துகொண்டிருக்கும். அப்போதும் உடனே படிந்துவிடாது. படிவதற்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதுதான் பாசி.

பாசி என்றதும் குளத்தில் மிதக்கும் வழுக்கலை நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பழைய மதில் சுவரில் பச்சைப் பஞ்சாகப் படருமே, அந்த இனம். பிளிட்விட்செ அருவிகளின் விளிம்பில், நீர் எப்போதும் தெறித்துக்கொண்டே இருக்கும் இடத்தில், சில வகைப் பாசிகள் அடர்ந்து வளர்கின்றன. ஒரு தண்டைக் கிட்டப்போய்ப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். நுனி பசேலென்று உயிரோடு இருக்கும். அதற்குக் கீழே ஒரு விரற்கடை தூரம் பழுப்பு. சிற்றிலைகளின் மேல் மாவு தூவியதுபோலச் சுண்ணாம்புத் துகள். அதற்கும் கீழே சாம்பல் நிறக் கல். எங்கே செடி முடிந்து எங்கே கல் தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. அடிப்பகுதி புதையப் புதைய நுனி மேலே நீள்கிறது. நீண்டால்தான் பிழைக்கும். உள்ளே அகப்பட்ட தண்டு நாளடைவில் மக்கிப்போக, தண்டு இருந்த இடம் நுண்துளையாக மிஞ்சும். அதனால் இந்தக் கல் துளைகள் நிரம்பியது, எதிர்பார்ப்பதைவிட இலேசானது. சிலவற்றில் பீச் இலையின் நரம்புகள் அச்செடுத்தாற்போல் பதிந்திருக்கும். புவியியலாளர்கள் இதை டூஃபா என்கிறார்கள்.

பாசி மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத டயாட்டம்களும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் பாசிமேல் ஒரு மெல்லிய கோழைப் படலமாகப் படர்கின்றன. நீரில் மிதந்து வரும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படிகத்தின் மேல் புதுச் சுண்ணாம்பு வளரும். போதாக்குறைக்கு இவை எல்லாம் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் படிவு இன்னும் சுலபமாகிறது. நீரில் தகடுகளைத் தொங்கவிட்டு, எந்தப் பருவத்தில் எவ்வளவு படிகிறது என்று ஆய்வாளர்கள் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் உயிர்களின் பங்கு எவ்வளவு முக்கியம் என்று எடுத்துக்காட்டியவர் சாக்ரெபைச் சேர்ந்த தாவரவியலாளர் ஈவோ பெவாலெக். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்த அருவிகளின் பாசிகளை ஆராய்ந்து, எந்தப் பாசி எந்த வகை டூஃபாவைக் கட்டுகிறது என்றே பிரித்துக் காட்டினார். அவருக்கு முன்பும் ஏரிகளின் அழகை எழுதியவர்கள் உண்டு. ஆஸ்திரிய அரச குடும்பம்கூட வந்து பார்த்திருக்கிறது, கோசியாக்கில் ஒரு தீவுக்கு இளவரசி ஸ்டெஃபானியின் பெயர் இருக்கிறது. ஆனால் இங்கே காப்பாற்ற வேண்டியது காட்சியை அல்ல, நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையை என்ற பார்வை பெவாலெக்கிடமிருந்து வந்தது. என் கணக்கில் பிளிட்விட்செயைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் மிகவும் பயனுள்ள கருத்து அதுவே. இன்றைக்கும் பூங்காவின் நிர்வாகம், யுனெஸ்கோவின் மதிப்பீடு இரண்டும் அந்தக் கருத்தின்மேல்தான் நிற்கின்றன.

அணை எப்படி ஒரே மட்டமாக உயர்கிறது என்பது அடுத்த வியப்பு. ஓடையின் குறுக்கே ஒரு மரம் விழுகிறது, அல்லது பாறை விளிம்பு ஒன்று இருக்கிறது. அங்கே நீர் தெறிக்கிறது, வாயு வெளியேறுகிறது, பாசி முளைக்கிறது, டூஃபா படிகிறது. விளிம்பு உயர்ந்ததும் நீர் அங்கே ஓடாமல் பக்கத்தில் தாழ்ந்த இடம் பார்த்துத் திரும்பும். இப்போது படிவு அங்கே. அதுவும் உயர்ந்தால் இன்னொரு பக்கம். இப்படி நீரே தாழ்ந்த இடத்தைத் தேடித் தேடிப் போய் அதை மேடாக்கிவிடுவதால், மட்டக்கோல் வைத்துக் கட்டியதுபோல நீண்ட விளிம்பு உருவாகிறது. பூங்காவில் ஒரே ஏரியிலிருந்து அகலவாக்கில் பல அருவிகள் விழுவதும், ஓர் ஆண்டு பெருகி விழுந்த அருவி சில ஆண்டுகளில் மெலிவதும், புதிதாக ஒன்று பக்கத்தில் முளைப்பதும் இதனால்தான். பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போய் அதே அருவியைத் தேடுபவர் ஏமாறலாம்.

வளரும் அணை உடையவும் செய்யும். அதற்கு வேறு நாட்டிலிருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஜியுசாய்கோ பள்ளத்தாக்கிலும் இப்படிச் சுண்ணப் படிவு கட்டிய ஏரிகள் உண்டு. 2017 ஆகஸ்ட் 8 அன்று வந்த நிலநடுக்கத்தில் அங்கே ஓர் ஏரியின் இயற்கை அணை விண்டு, தண்ணீர் வடிந்து போயிற்று. ஆப்கானிஸ்தானின் பந்த்-இ-அமீர் ஏரிகளும் இதே குடும்பம். இந்தியாவில் டேராடூன் அருகே சஹஸ்ரதாராவில் பாறையிலிருந்து சொட்டும் சுண்ணநீர் கட்டியிருக்கும் படிவுகளும் இந்த வேதியியலின் சிறிய பதிப்புதான். பிளிட்விட்செ போல 16 படி கட்டுவதற்கு வேண்டிய நீர், சரிவு, பாசி, தூய்மை எல்லாம் ஒரே இடத்தில் கூடிவருவதுதான் அரிது.

இந்த அணைகளின் வயது என்ன? கார்பன்-14 முறையில் கணக்கிடலாமே என்று தோன்றும். செய்தார்கள், ஆனால் அதில் ஒரு பொறி இருந்தது. டூஃபாவில் உள்ள கார்பன் ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. ஏறத்தாழப் பாதி, காட்டு மண்ணின் கரியமில வாயுவிலிருந்து வந்தது. அதில் கார்பன்-14 உண்டு. மறுபாதி, கோடிக்கணக்கான ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்து வந்தது. அதில் கார்பன்-14 எப்போதோ சிதைந்து தீர்ந்துபோயிருக்கும். நீர் வழியெல்லாம் காற்றோடு கலந்து வருவதால் இந்தப் பங்கு கொஞ்சம் மாறும். கணக்குக்காக நான்கில் ஒரு பங்கு கார்பன் இப்படிச் செத்த கார்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் படிந்த டூஃபா, ஆய்வகத்தில் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் மூத்ததாகக் காட்டும். சாக்ரெபின் ருட்ஜெர் போஷ்கோவிச் ஆய்வு நிறுவனத்தில் துஷான் ஸ்ர்டோச்சும் அவருடைய குழுவினரும் இன்றைய நீரிலும், அந்த நீரில் வளரும் தாவரங்களிலும், புதிதாகப் படிந்த டூஃபாவிலும் உள்ள கார்பன்-14ஐ அளந்து, இந்தப் பிழையைத் திருத்தும் வழியைக் கண்டார்கள். திருத்திய பிறகு கிடைத்த விடை: இன்று நாம் பார்க்கும் அணைகள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்குள் எழுந்தவை. பனியுகத்தின் குளிரில் படிவு நின்றுபோயிருந்தது. வெப்பம் திரும்பி, காடு திரும்பிய பிறகே மறுபடி தொடங்கியது. பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலத்து டூஃபா, நீர் வற்றி உலர்ந்த பாறையாகச் சில இடங்களில் மிஞ்சியிருக்கிறது. புவியியல் கணக்கில் 7,000 ஆண்டு என்பது ஒன்றுமில்லை. உழவு தொடங்கிய காலத்தைவிட இந்த ஏரிகள் இளையவை.

எல்லாரும் கேட்கும் கேள்வி நிறத்தைப் பற்றியது. ஏன் இப்படி ஒரு நீலப்பச்சை? காலையில் ஒரு நிறம், நடுப்பகலில் ஒரு நிறம் என்று வேறு மாறுகிறது. தூய நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், நீலம் மிஞ்சும். இங்கே அதோடு, மிதக்கும் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஏரியின் அடித்தளமும் வெண்மையான சுண்ணச் சேறு. ஆழம், சூரியன் நிற்கும் கோணம், கரை மரங்களின் நிழல் மூன்றும் சேர்ந்து மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் இதற்கெல்லாம் முன்நிபந்தனை ஒன்று உண்டு: நீரில் கரைந்த கரிமப் பொருள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இலைச்சாறு கலந்த காட்டு ஓடைகள் டிகாஷன் நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். இங்கே சுற்றிலும் காடு இருந்தும் அந்தப் பழுப்பு இல்லை. நீர் மண்ணிலும் பாறையிலும் வடிகட்டி வருவது அதற்கு ஒரு காரணம்.

இதே நிபந்தனை அணைக்கும் பொருந்தும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரிமப் பொருளும் பாஸ்பேட்டும் சுண்ணப் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கும். கழிவுநீரும் உரமும் ஏரியில் கலந்தால் முதலில் நாணல்களும் நீர்ச்செடிகளும் கொழுக்கும், செத்து மக்கும், கரிமப் பொருள் கூடும், படிவு மந்தமாகும். ஒரு பக்கம் நீர் அரித்துக்கொண்டே இருக்க, மறுபக்கம் வளர்ச்சி நின்றுபோனால் அணை என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கு விரிசல் விழுந்தால் சிமெண்ட் பூசலாம். இங்கே பூசுவதற்கு ஒன்றுமில்லை. நீரின் வேதியியல் சரியாக இருந்தால் அணை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது.

அதனால்தான் 1997இல் பூங்காவின் எல்லையை விரித்தார்கள். புது ஏரி எதுவும் அந்த விரிவில் சேரவில்லை. ஏரிக்கு நீர் வரும் மலையும் காடும் சேர்ந்தன. 2000இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் அந்த விரிவை ஏற்றது. இயற்கைப் பாதுகாப்பில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவுகள் அதிகம் இல்லை என்பேன். கரையில் வேலி போட்டு ஏரியைக் காப்பாற்ற முடியாது. நீர்ப்பிடிப்பு முழுவதும் கையில் இருக்க வேண்டும். நம் ஊர் ஏரிகளின் வரத்துக்கால்வாய்களை நினைத்துக்கொண்டால் இதன் அருமை தெரியும்.

அந்த விரிவுக்குச் சற்று முன்னர் இந்தப் பூங்கா கடந்து வந்தது சாதாரணக் காலம் அல்ல. 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த நேரத்தில் குரோவாசியப் போரின் முதல் உயிர்ச்சேதம் நடந்த மோதல் இங்கேதான். அடுத்து 1995 வரை பூங்கா கிளர்ச்சிப் படைகளின் பிடியில் இருந்தது. 1992இல் 'ஆபத்தில் உள்ள பாரம்பரியம்' என்ற பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்து, 1997இல்தான் நீக்கியது. மனிதர்கள் ஓடிப்போன அந்த ஆண்டுகளிலும் பாசி தன் வேலையை நிறுத்தவில்லை. ஏரிகளுக்குப் பெரிய சேதம் இல்லை.

பிற்பாடு வந்த சோதனை அமைதியோடு வந்தது. 2017இல் மட்டும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், அதில் பெருங்கூட்டம் கோடை மாதங்களில். இரண்டு சதுர கிலோமீட்டர் ஏரி, அதைச் சுற்றிப் பலகைப் பாதை, அதில் ஜூலை மாதத்து நெரிசல். தங்கும் விடுதிகளும் வாடகை அறைகளும் பூங்காவுக்குள்ளே உள்ள ஊர்களில் பெருகின. இவ்வளவு பேரின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வியை யுனெஸ்கோ வெளிப்படையாகவே எழுப்பியது. நிர்வாகம் இப்போது மணிக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, நேரம் குறித்த சீட்டுகளை இணையத்தில் விற்கிறது. ஏரிகளில் நீந்தத் தடை. கோசியாக்கில் ஓடும் படகுகள் மின்சாரத்தால் ஓடுபவை. இவற்றில் எதுவும் அலங்காரம் அல்ல. மேலே சொன்ன வேதியியலை ஒருமுறை புரிந்துகொண்டால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகத் தெரியும்.

காட்டைப் பற்றி இரண்டு வரி. பழுப்புக் கரடி, ஓநாய், லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை மூன்றும் இன்னும் வாழும் ஐரோப்பியக் காடுகளில் இது ஒன்று. பூங்காவின் வடமேற்கில் சோர்கோவா உவாலா என்ற இடத்தில் சுமார் 80 ஹெக்டேர் அளவுக்குக் கோடரி படாத பீச்-ஃபர் காடு இருக்கிறது. விழுந்த மரத்தை அங்கே யாரும் அகற்றுவதில்லை. அதன்மேலே அடுத்த தலைமுறைக் கன்று வளர்கிறது. சுண்ணாம்பைக் கரைக்கும் அந்த அமிலம் உண்டாவது இப்படிப்பட்ட மக்கல் மண்ணில்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 2023 முதல் குரோவாசியா ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டதால் ஷெங்கன் விசா போதும், நாணயமும் யூரோதான். சாக்ரெபிலிருந்தும் கடற்கரை நகரமான சதாரிலிருந்தும் பேருந்து உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி அருவிகள் நிரம்பி விழும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நன்றாக இருக்கும், நீர் குறைவாக இருக்கும், முதுகோடு முதுகு உரசி நடக்க வேண்டியிருக்கும். அக்டோபரில் பீச் மரங்கள் செம்பு நிறமாகும். என்னைக் கேட்டால் அக்டோபர் என்பேன். குளிர்காலத்தில் அருவிகள் உறைந்து தொங்கும், ஆனால் சில பாதைகளை மூடிவிடுவார்கள். பாதைகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர். மேல் ஏரிகளையும் கீழ் ஏரிகளையும் ஒருசேரப் பார்க்க அரை நாளுக்கு மேல் ஆகும். கே என்ற நீண்ட பாதை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பலகைப் பாதையில் பல இடங்களில் கைப்பிடி இல்லை, ஈரமாக இருக்கும். வழுக்காத காலணி முக்கியம்.

பலகையை விட்டு இறங்கி, ஓரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று தோன்றும் இடங்கள் நிறைய வரும். இறங்காதீர்கள். காலுக்குக் கீழே இருப்பது மண் அல்ல, வளர்ந்துகொண்டிருக்கும் அணையின் விளிம்பு. ஒரு மிதியில் நசுங்கும் இரண்டு விரற்கடை டூஃபாவைப் பாசி மறுபடி கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.